கடைசிப் பக்கம் பார்க்க

திங்கட்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நானும், டைப்செட்டிங் பெண்ணும், நம் பைண்டரும் இதுவரைக்கும் நன்றாகவே இருக்கிறோம். அங்கே உங்களுக்குக் காய்ச்சல் என்று உங்கள் மகள் சொல்லிவிட்டாள். அதனால் 'நலமறிய ஆவல்' என்ற வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. எனக்கு ஆவல் இல்லை அண்ணா, பயமாக இருக்கிறது.

பேசினால் உங்களுக்கு இருமல் வருகிறதாம். இனி யாரும் அப்பாவுக்குப் போன் பண்ணக் கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பேரக்குழந்தையைப் பார்க்கப் போய் ஊரடங்கில் அங்கேயே தங்கிவிட்டீர்கள், கைக்குழந்தை இருக்கும் வீடு. நீங்கள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருக்கிறீர்கள், சாப்பாட்டுத் தட்டு மட்டும் வாசலில் வைக்கப்படுகிறது. நான் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பினால் அவள் அதை அச்செடுத்துக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவாளாம். அதுவும் நல்லதுதான். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் மூன்று வாக்கியம் குறுக்கே போடுவீர்கள். கடிதத்தில் அது நடக்காது.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நான் பேசி முடிக்கும் வரைக்கும் நீங்கள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. போனை வைத்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. அப்போது பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

பதிப்பக ஆபீஸ் செய்தி சொல்லாவிட்டால் கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்துவிடுவீர்கள் என்று தெரியும், சொல்லிவிடுகிறேன். முன்பக்க ஷட்டரைப் பாதிதான் தூக்குகிறோம். மதியம் வரைக்கும்தான் அனுமதி. பள்ளிக்கூடம் மூடி, பரீட்சையும் ரத்தானதால் பரீட்சை வழிகாட்டிகள் எல்லாம் ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்கின்றன. குடோனில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. நீங்கள் ஆசை ஆசையாகப் படம் பொறுக்கிப் போட்ட சுற்றுலா வழிகாட்டியைப் பற்றிக் கேட்காதீர்கள். தெருமுனைக்குப் போகவே எல்லோரும் பயப்படும்போது மலை ஏறுவது எப்படி என்ற புத்தகத்தை யார் தலையில் கட்டுவது.

கடைக்காரர்கள் பழைய சரக்கைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். யார் தொட்டுக் கட்டினார்களோ, அவருக்கு என்னவோ, நமக்குத் தெரியாது. கட்டுகளை வாசலில் வெயிலில் போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்க்கிறோம். டைப்செட்டிங் பெண் ஒருநாள் கிருமிநாசினியை அடித்தாள், அட்டையில் இருந்த சிவப்பெல்லாம் கரைந்து வழிந்தது. அதைப் பார்த்துச் சிரித்தோம். இந்த மாதத்தில் நாங்கள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

புத்தகக் கண்காட்சி நடக்கும் மண்டபத்தில் இப்போது நோயாளிகளுக்குக் கட்டில் போட்டிருக்கிறார்கள். கழிப்பறைக்குப் பக்கத்துக் கடையையே நம் தலையில் கட்டுகிறார்கள் என்று வருடா வருடம் நிர்வாகிகளோடு மல்லுக்கு நிற்பீர்களே, அந்த மூலையிலும் கட்டில்தான். செய்தியில் காட்டினார்கள். கண்ணை எடுக்க முடியவில்லை.

விற்கிற புத்தகம் ஒன்றே ஒன்று. அது எது என்று உங்களுக்கே தெரியும். நம் வைத்தியர் எழுதிய கைவைத்தியப் புத்தகம். அவர் உயிரோடு இருந்தவரை ஆண்டுக்கு ஒரு கட்டுப் போனால் பெரிய விஷயம். இப்போது தபாலில் அனுப்பி மாளவில்லை. அவசரமாகப் போட்ட புதுப் பதிப்பும் பாதிக்கு மேல் போய்விட்டது. இந்த மாதச் சம்பளம் கொடுக்க முடிந்ததே அந்தப் புத்தகத்தால்தான். அந்த நன்றியை நான் மறக்கவில்லை.

ஆனால் பின்னட்டையில் நீங்கள் எழுதிய வரி எனக்குத் தூக்கத்திலும் வருகிறது. 'இந்தப் புத்தகம் இருக்கும் வீட்டுக்கு ஆஸ்பத்திரி தேவையில்லை.' எந்தப் புத்தகமாக இருந்தாலும் பின்னட்டை வாசகம் உங்கள் கையால்தான் வர வேண்டும், அதுவும் புத்தகத்தைப் படிக்காமல் எழுதினால்தான் சுருக்கென்று இருக்கும் என்பது உங்கள் கட்சி. டீ குடித்தபடி நின்றுகொண்டே எழுதிக் கொடுத்தீர்கள். அப்போது அது வெறும் விளம்பரம். இப்போது ஜனங்கள் அதைச் சத்தியமாக நினைக்கிறார்கள்.

'பிரதிகளுக்கு' என்று உள்ளே அச்சிட்டிருப்பது என் எண். காலையில் ஆரம்பித்தால் ஓய்வதில்லை. என்னை வைத்தியரின் மகள் என்று பாதிப் பேரும், அவருடைய நர்ஸ் என்று மீதிப் பேரும் நினைத்துக்கொள்கிறார்கள். நான் வெறும் பதிப்பாளர், மெய்ப்புப் பார்க்கிறவள் என்று சொன்னால், அப்படின்னா வரிக்கு வரி படிச்சிருப்பீங்கல்ல, சொல்லுங்க என்கிறார்கள். யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது. சுக்கு கொதிக்க வைக்கிற பக்கத்து அம்மா, ஆவி பிடிக்கிற பக்கத்துத் தம்பி என்று மனசுக்குள் வைத்திருக்கிறேன்.

இதில் நீங்களும் சேர்ந்துகொண்டீர்கள் என்று உங்கள் மகள் சொன்னாள். நான் ஒப்புதலுக்கு அனுப்பிய புதுப் பதிப்பை மாப்பிள்ளையிடம் அச்செடுக்கச் சொல்லி, அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நேரம் தவறாமல் ஆவி பிடிக்கிறீர்களாம். டாக்டரிடம் போகலாம் என்றால், என் புத்தகமே என்கிட்ட இருக்கு என்கிறீர்களாம். அண்ணா, அது உங்கள் புத்தகம் இல்லை. உங்களுடையது பின்னட்டை மட்டும்தான்.

அண்ணி இருந்திருந்தால் இந்நேரம் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பார். எனக்கு அந்த அதிகாரம் இல்லை, இருக்கும் இடமும் தூரம். கெஞ்சத்தான் முடியும். ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பதில் வரும்வரை சோறு இறங்காத,
உங்கள் தங்கை.

வியாழக்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் பதிலை மகள் படம் எடுத்து அனுப்பினாள். மொத்தம் மூன்று வரி. 'ஆவி பிடிக்கிறேன். பயப்படாதே பூதக்கண்ணாடி. அடுத்த பதிப்புக்குக் காகிதம் சொல்லி வை.'

பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்தது நீங்கள்தான், அதனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் பேனாவை ஊன்றிய புள்ளி இருக்கிறது. மூன்று வரி எழுத அத்தனை இடத்தில் நின்றிருக்கிறீர்கள். ஒரே மூச்சில் பின்னட்டை எழுதுகிற ஆள் நீங்கள். காகிதம் சொல்லி வைக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு பெண் போன் செய்தார். குரல் நடுங்கவில்லை, அதுதான் விசேஷம். ஏதோ ரயில் நேரம் விசாரிப்பது போலக் கேட்டார். "ஆவி பிடிக்கிற பக்கத்துல, மூச்சு வாங்கினால் கடைசிப் பக்கம் பார்க்கன்னு போட்டிருக்கும்மா. கடைசிப் பக்கத்துல உங்க புத்தகப் பட்டியல்தான் இருக்கு. நான் எதைப் பார்க்கணும்?"

எனக்கு முதலில் புரியவில்லை. புத்தகத்தை எடுத்து விரித்தேன். அவர் சொன்னது சரி. ஆவி பிடிக்கிற பக்கத்தின் அடியில் அந்த வரி இருக்கிறது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் 'எங்கள் பிற வெளியீடுகள்'. விடுகதைகள், கோலிக்குண்டு விளையாட்டுகள், பரீட்சை வழிகாட்டி, மலை ஏறுவது எப்படி. வீட்டில் மூச்சு வாங்குகிற மனுஷனை வைத்துக்கொண்டு அந்தப் பெண் இதை வரிவரியாகப் படித்திருக்கிறார்.

யாருக்கு என்று கேட்டேன். வீட்டுக்காரருக்கு என்றார். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். நான் சொன்னா கேட்க மாட்டார்மா, உங்க புத்தகம் சொன்னா கேட்பார், அதான் கேட்கிறேன் என்றார். அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்துக் காட்டுகிறேன், போனை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது லைன் இல்லை. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன். யாரும் எடுக்கவில்லை.

கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தை அழித்தாயிற்று, பழைய பதிப்பும் ஒன்றுகூட மிச்சமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். மெய்ப்பு மேசையின் ஆடுகிற காலுக்கு அடியில் ஒன்று கிடந்தது. மேசையைத் தூக்கி எடுத்தேன். கால் அழுந்தி அழுந்திப் பின்னட்டையும் கடைசித் தாளின் கீழ்ப்பாதியும் பொத்தல். மேல்பாதி மட்டும் படிக்க முடிந்தது. தலைப்பு 'நிறைவாக'.

இப்போது ஞாபகம் வருகிறதா அண்ணா? போன மாதம் காகித ஆலைகள் மூடிக் கிடந்தன. அச்சகத்தில் இருந்த கொஞ்சக் காகிதத்தை வைத்து எத்தனை பிரதி தேறும் என்று நீங்கள் அங்கிருந்தே கணக்குப் போட்டீர்கள். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். புத்தகம் கடைசி ஃபாரத்துக்குள் ஒரே ஒரு பக்கம் எட்டிப் பார்த்தது. "கடைசியில நிறைவாகன்னு வைத்தியர் எல்லாருக்கும் நன்றி சொல்லியிருப்பார், அதைத் தூக்கிடு, ஒரு ஃபாரமே மிச்சம்" என்றீர்கள். நானும் தூக்கிவிட்டேன். நன்றியுரைதானே என்று படித்துக்கூடப் பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்தில் துளி இடம் காலி இருந்தாலும் விளம்பரம் இல்லாமல் விடக் கூடாது என்பது நம் ஆபீஸ் சட்டம், அதனால் பட்டியலை மட்டும் மறக்காமல் போட்டேன். நீங்கள் சொன்னீர்கள், நான் செய்தேன். ஆளுக்குப் பாதி.

அந்த மேல்பாதியில் நன்றி என்ற பேச்சே இல்லை. மேலே இருப்பதை அப்படியே எழுதுகிறேன்:

'இதுவரை நான் சொன்னதெல்லாம் சாதாரணக் காய்ச்சலுக்கும் சளிக்கும். மூச்சு வாங்குகிறதா, பேசும்போது வார்த்தை அறுபடுகிறதா, உதடு நிறம் மாறுகிறதா, அந்த இடத்திலேயே இந்தப் புத்தகத்தை மூடிவிடுங்கள். என் வித்தை அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.'

அதற்குக் கீழே மேசைக் காலின் தடம்.

வார்த்தை அறுபடுகிறதா என்று படித்ததும் எனக்கு உங்கள் பேனாப் புள்ளிகள்தான் கண்முன் வந்தன. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். டைப்செட்டிங் பெண் தண்ணீர் கொண்டுவந்து, கிட்டே வரப் பயந்து, தூரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அனுப்ப வேண்டிய கட்டுகளை நிறுத்திவிட்டேன். கேட்கிற கடைக்காரர்களிடம் இல்லை என்று சொல்கிறேன். விற்கிற ஒரே புத்தகத்தையும் நிறுத்திவிட்டு என்ன செய்யப் போகிறாய் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. தெரியவில்லை. ஆனால் அந்தப் பக்கம் இல்லாமல் இன்னொரு பிரதி இந்த வாசலைத் தாண்டாது. ஏற்கெனவே போன பிரதிகளை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எந்த வீட்டில், யார் தலைமாட்டில் இருக்கிறதோ. ஒன்று யார் தலைமாட்டில் இருக்கிறது என்று மட்டும் எனக்குத் தெரியும்.

அதை மூடுங்கள் அண்ணா. டாக்டரிடம் கிளம்புங்கள்.

கலங்கிப் போயிருக்கும்,
உங்கள் தங்கை.

சனிக்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் பதிலைப் பார்த்தேன். இந்தமுறை ஒரே வரி. 'உன் கையெழுத்தில் இருக்கிறது, நீயே எழுதிச் சேர்த்திருப்பாய்.'

சிரிக்க வேண்டும் என்றுதான் எழுதியிருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் உங்களைத் தெரியாதா எனக்கு. அச்சில் இருந்தால்தான் நம்புவீர்கள். நான் பிறந்ததையே சர்டிபிகேட்டைப் பார்த்துத்தான் நம்பினீர்கள் என்று அண்ணி சொல்வாரே.

அதனால் நேற்று பைண்டர் வீட்டுக்குப் போனேன். தான் தைத்த ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்வது அவர் வழக்கம் என்று உங்களுக்கும் தெரியும். மாடியில் நின்றுகொண்டு, பையில் போட்டுக் கயிற்றில் கட்டி இறக்கினார். ஒரு சுருக்கம்கூட இல்லாத பழைய பதிப்பு. கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். அச்செழுத்து, நம் எழுத்துரு, நம் பக்க எண். பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் போன் அடித்தது. செவ்வாய்க்கிழமைப் பெண். அந்த எண்ணை நான் 'கடைசிப் பக்கம்' என்று பதிந்து வைத்திருந்தேன். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. மூடிய கடை ஒன்றின் படியில் உட்கார்ந்துகொண்டுதான் எடுத்தேன்.

எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "போயிட்டார்மா, புதன்கிழமை" என்றார். அன்று என்னோடு பேசிக்கொண்டிருந்தபோதே வீட்டுக்காரர் உள்ளே இருந்து கூப்பிட்டிருக்கிறார், அதனால்தான் போனை வைத்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இந்தப் பெண் அன்று முழுக்க மன்றாடியிருக்கிறார். வீட்டுக்காரரோ புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையைக் காட்டினாராம். மறுநாள் வண்டி வந்தபோது நேரம் கடந்துவிட்டது.

திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கேட்டது வேறு. "அந்தப் பக்கம் கிடைச்சுதாம்மா? கிடைச்சிருந்தா படிச்சுக் காட்டுங்க. அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்."

கையில் பைண்டரின் பிரதி இருந்தது. படித்தேன் அண்ணா. அந்தப் படியில் உட்கார்ந்துகொண்டு, முகக்கவசம் நனைய நனைய, ஒரு வரி விடாமல் படித்தேன். மேசைக்கால் தின்ற கீழ்ப்பாதியையும் அப்போதுதான் நானே முதல்முறையாகப் பார்த்தேன். அது இதுதான்:

'நாளைக் காலை பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். வெட்கப்படவும் வேண்டாம். எனக்கு மூச்சு முட்டினால் நானும் அங்கேதான் போவேன். பின்னட்டையில் வேறு விதமாக எழுதியிருப்பார்கள். அது விற்பதற்கு. இது பிழைப்பதற்கு.'

வைத்தியர் உங்கள் வாசகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதிச் சேர்த்திருக்கிறார். அச்சுக்குப் போகும் நேரத்தில் பக்கம் கூடிவிட்டது என்று நீங்கள் அப்போது அவரைப் பற்றி முணுமுணுத்ததுகூட எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், "இதை மட்டும் அவர் படிச்சிருந்தா கிளம்பியிருப்பார். புத்தகம் சொன்னா கேட்கிறவர்தான்" என்றார். பிறகு, "சரிம்மா, வச்சிடறேன்" என்றார். அவ்வளவுதான்.

இன்று காலையிலிருந்து அந்தப் பக்கத்தைத் தனித்தாளாக அச்சடித்துக்கொண்டிருக்கிறோம். மிச்சமிருக்கும் பிரதிகளில் உங்கள் பின்னட்டை வாசகத்தின் மேலேயே ஒட்டிவிடுவார் பைண்டர். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் தபாலில் போகும், முகவரி இருக்கிறது. இனி போனில் யார் கூப்பிட்டாலும் நான் முதலில் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான். உங்களைக் கேட்காமல் உங்கள் வரியை நான் மூடியது இதுதான் முதல்முறை. வந்து சண்டை போடுங்கள்.

இனி உங்களுக்கு. இன்று காலை உங்கள் மகள் அழுதாள். கதவுக்கு வெளியே நின்று கேட்டால் உங்கள் மூச்சுச் சத்தம் கேட்கிறதாம். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கதவருகிலேயே உட்கார்ந்திருக்கிறாள். தாத்தா அதன் முகத்தைக் கிட்டே பார்த்து எத்தனையோ நாளாயிற்று. மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் பேசிவிட்டார், இடம் இருக்கிறது. வண்டிச் சாவியோடு அவரும் அங்கேதான் நிற்கிறார்.

என் பேச்சைக் கேட்க வேண்டாம். மகள் பேச்சைக் கேட்க வேண்டாம். நீங்கள் கையெழுத்திட்டு, அட்டை போட்டு, நம் பெயரில் வெளியிட்ட புத்தகத்தின் கடைசிப் பக்கம் உங்கள் கதவுக்கு அடியில் கிடக்கிறது. குனிந்து எடுங்கள். குனிய முடியாவிட்டால் எடுக்கக்கூட வேண்டாம், தாழ்ப்பாளை மட்டும் நீக்குங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உங்களை வாழ்த்தும் வயது எனக்கு இல்லை, ஆனாலும் வாழ்த்துகிறேன். நல்லபடியாகத் தேறி வாருங்கள். வந்து, இந்த மூன்று கடிதத்தையும் நான் உங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டும்போது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் குறுக்கே பேசுங்கள். ஒன்றைக்கூட என்னை முடிக்க விடாதீர்கள்.

தாழ்ப்பாள் நீங்கியது என்ற செய்திக்காகப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
உங்கள் பூதக்கண்ணாடி.